அணு உலையின் எரிபொருள் கம்பி ஏன் தேய்ந்து ஓட்டையாகிறது? இறுக்கிப் பிடித்தால் போதாதா?

போதாது. தேய்மானச் சோதனைக்கூடத்தில் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் கேட்டேன்.

அழுத்த நீர் உலையின் (நீரைக் கொதிக்கவிடாமல் உயர் அழுத்தத்தில் ஓட்டிக் குளிர்விக்கும் அணு உலை) ஒரு கம்பி ஏறக்குறைய 4 மீட்டர் நீளம், 9.5 மில்லிமீட்டர் விட்டம். யுரேனிய வில்லைகளை மூடியிருக்கும் ஜிர்கோனியக் கலவை உறையின் தடிமன் 0.6 மில்லிமீட்டருக்கும் குறைவு. 17க்கு 17 அமைப்பில் 264 கம்பிகள் ஒரு கட்டு. வழிநெடுகத் தாங்கு சட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு சட்டத்திலும் ஸ்பிரிங்குகள் ஒரு பக்கமும் குமிழ்கள் எதிர்ப்பக்கமுமாகக் கம்பியைக் கவ்வியிருக்கும்.

கீழிருந்து நொடிக்கு சுமார் 5 மீட்டர் வேகத்தில் ஏறும் நீரின் கொந்தளிப்பில் கம்பி அதிர்கிறது. அசைவு மைக்ரான் கணக்குதான். ஆனால் நொடிக்குப் பல பத்து முறை, வருடக்கணக்காக.

புதுக் கட்டில் பிடி இறுக்கமாகவே இருக்கும். நியூட்ரான் அடியிலும் வெப்பத்திலும் ஸ்பிரிங் தன் விசையில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. 155 பார் நீரழுத்தம் உறையை மெல்ல மெல்ல உள்ளே அமுக்க, கம்பி ஒல்லியாகிறது. சட்டமோ கதிர்வீச்சில் சற்று விரிகிறது. இடைவெளி விழுந்தபின் உரசலோடு தட்டலும் சேர்ந்துகொள்ளும். ஆகவே முதலில் எவ்வளவு இறுக்கினாலும் அது நிலைக்காது. இன்னொன்று, கம்பி கதிர்வீச்சில் நீளவும் செய்யும். நழுவ இடம் தராமல் கவ்வினால் வளைந்துபோகும்.

என் அனுபவத்தில் விசையைவிடத் தொடும் வடிவத்துக்குத்தான் முதல் கவனம் தர வேண்டும். உறை ஓட்டையாவது எவ்வளவு உலோகம் போனது என்பதால் அல்ல, எவ்வளவு ஆழம் போனது என்பதால். புள்ளியாகத் தொடும் குமிழ் ஒரே இடத்தைக் குடைந்துகொண்டே போகும். உறையின் வளைவோடு பொருந்தி நீளமாகத் தொட்டால், அதே அளவு உலோகம் பரவலாகத் தேயும், ஆழம் குறைந்துவிடும். சோதனை முடிந்து இரண்டு தழும்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்த அன்றுதான் இது எனக்கு முழுதாக விளங்கியது. அடிச் சட்டத்துக்கு விசை அதிகம் தளராத இன்கோனல் என்ற நிக்கல் கலவை, நடுவில் கூடுதல் சட்டங்கள் என்பவையும் உதவும்.

உறை துளைபட்டால், யுரேனியம் பிளக்கும்போது உண்டாகும் கதிரியக்கப் பொருள்களான ஜெனான்-133, அயோடின்-131 ஆகியவை குளிர்விப்பு நீரில் தலைகாட்டும், கசிவு தெரிந்துவிடும். எந்த இடத்தில் என்பதுதான் சிரமம். தழும்பு சட்டத்துக்குள் மறைந்திருப்பதால், கம்பியை உருவி எடுத்தால்தான் கண்ணில் படும்.