தாத்தாவுக்கு ஒரு சூடம் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் கணவர் சென்ற ஐப்பசியில் காலமானார். அவருடைய தாத்தா, சப்பான்காரர் காலத்தில் தோட்டத்திலிருந்து சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர். திரும்பவில்லை. இறந்துவிட்டார் என்ற செய்தியும் யாரிடமிருந்தும் வரவில்லை. அதனால் பாட்டி கடைசி வரை பொட்டை அழிக்காமலே இருந்து இறந்தார். என் கணவர் அந்தப் பாட்டியிடம் வளர்ந்தவர். நாங்கள் இருவரும் ஒருமுறை அங்கே போய்வர வேண்டும் என்று முப்பது வருடமாகப் பேசி, பேசியபடியே விட்டுவிட்டோம். ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில், "நீயாவது ஒரு தடவை போயி, தாத்தா பேரைச் சொல்லி ஒரு சூடம் கொளுத்திட்டு வா" என்றார். கட்டாயம் போகிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

தமிழர்களின் கல்லறைகள் அங்கே எந்த இடத்தில் இருக்கின்றன? தாத்தாவின் கல்லறையைத் தேட யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்? அதைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் நான் கொடுத்த வாக்கு பொய்யாகிவிடுமா? ஆண்டுத் திதி முடியாமல் நான் சாவு விழுந்த இடத்துக்குப் போகக் கூடாது என்று நாத்தனார் தடுக்கிறார். மகனோ பாங்காக் சுற்றுலாவோடு சேர்த்து அரை நாளில் முடித்துவிடலாம் என்கிறான். கணவரின் படத்தை எடுத்துப்போய் அங்கே வைத்து வணங்கலாமா என்றும் தெரியவில்லை.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் உள்ள மிகக் கடினமான கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத் தெரிந்துகொண்ட பிறகே நீங்கள் பயணச்சீட்டு வாங்க வேண்டும் என்று நினைக்கிறேன். அங்கே தாத்தாவுக்குக் கல்லறை இல்லை. அவரோடு போன தமிழர்களில் பெயர் பொறித்த கல்லுக்குக் கீழே கிடப்பவர் என்று ஒருவரைக்கூட எனக்குக் காட்டத் தெரியாது. விண்ணப்பித்துத் தேடுவதற்கு அடக்கப் பதிவேடு என்று ஒன்று இருந்தால்தானே?

காஞ்சனபுரியில் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. நீங்கள் படங்களில் பார்த்தது அதைத்தான் என்று ஊகிக்கிறேன். வெட்டிவிட்ட பச்சைப் புல்லில் வரிசை பிசகாமல் ஏறத்தாழ 7,000 கல்லறைகள். ஒவ்வொன்றிலும் தாழ்ந்த ஒரு பீடமும், அதன்மேல் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது பொறித்த வெண்கலத் தகடும் உண்டு. பலவற்றில் மனைவியோ தாயோ எழுதித் தந்த ஒரு வரியும் இருக்கும். 23, 25, 31 என்று வயதுகளைப் படித்துக்கொண்டே நடந்தால் மனம் கனத்துவிடும். அவர்களில் ஏறத்தாழ எல்லோரும் பிரித்தானிய, ஆஸ்திரேலிய, டச்சுப் படைகளைச் சேர்ந்த போர்க் கைதிகள். ஆற்றுக்கு அப்பால் சுங்காயிலும், பர்மா பக்கம் தன்பியூசயாட்டிலும் இதே போன்ற தோட்டங்கள் உள்ளன. அவற்றிலும் தோட்டத் தொழிலாளர்கள் இல்லை.

இது ஏன் இப்படி ஆனது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பர்மாவில் நின்றிருந்த சப்பானியப் படைக்கு மலாக்கா நீரிணை வழியாகச் சுற்றிக் கடலில் சரக்கு அனுப்புவது, நேசநாட்டு நீர்மூழ்கிகளால் ஆபத்தாகிவிட்டது. எனவே சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதையைக் காட்டையும் மலையையும் வெட்டி 1942-இல் போடத் தொடங்கினார்கள். 1943 அக்டோபர் 17 அன்று இரு முனைத் தண்டவாளங்களும் கொன்கொய்த்தாவில் சேர்ந்தன. வேலை செய்த போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் இறந்தவர்கள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சத்தைத் தாண்டுவார்கள். அவர்களில் மாண்டவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேர் அளவில் போனார்கள், பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) என்று முதலில் ஆசை காட்டினார்கள். ஆள் வருவது குறைந்ததும் லாரியோடு வந்து தொழிலாளர் குடியிருப்பு லயங்களை வளைத்துப் பிடித்தார்கள். இலவச சினிமாப் படம் என்று கூப்பிட்டுக் கொட்டகைக் கதவை அடைத்து ஏற்றிப்போனதும் உண்டு.

கைதிகள் படையாகப் பிடிபட்டவர்கள். அவர்களோடு அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். செத்தவன் பெயரையும் புதைத்த இடத்தையும் யாரோ ஒருவர் ஒளித்து ஒளித்தாவது எழுதி வைத்தார். போர் முடிந்த உடனே 1945-இலேயே ஒரு தேடும் குழு பாதை நெடுகப் போய் அந்தக் குறிப்புகளைக் கொண்டு ஆயிரக்கணக்கான புதைகுழிகளைக் கண்டறிந்தது. நம்மவர்களோடு போனது கங்காணியும், சில இடங்களில் கிராணியும் (தோட்டத்து எழுத்தர்) தான். 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். கும்பலாக எரித்தார்கள், அல்லது குழியில் தள்ளினார்கள். மிஞ்சியவர் எழுத நினைத்தாலும் எழுதக் காகிதமும் இல்லை, எழுதினால் கேட்டு வாங்கவும் ஆள் இல்லை. அவர்கள் எந்த அரசின் படையிலும் இல்லாததால் போருக்குப் பிறகும் அவர்களைத் தேடி யாரும் நடக்கவில்லை. பாட்டிக்குச் செய்தி வராமல் போனதற்குக் காரணம் இதுதான். யாரோ அனுப்பி வழியில் தவறிப்போன செய்தி அல்ல அது. அனுப்ப வேண்டும் என்று யாருக்குமே தோன்றாமல் போன செய்தி.

இப்போது உங்கள் வாக்குக்கு வருகிறேன். உங்கள் கணவர் சொன்னதை நீங்களே கடிதத்தில் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். போ, பேரைச் சொல், சூடம் கொளுத்து, திரும்பி வா. கல்லறையைக் கண்டுபிடி என்று அதில் எங்கே இருக்கிறது? அது நீங்கள் பிறகு சேர்த்துக்கொண்டது. முப்பது வருடம் தள்ளிப்போட்டதற்காக உங்களுக்கு நீங்களே போட்டுக்கொண்ட வட்டி அது என்று நினைக்கிறேன். இறந்தவருக்குக் கொடுத்த வாக்கில் உள்ள சிரமமே, அது போதும் என்று சொல்ல அவர் இல்லை என்பதுதான். உயிரோடு இருப்பவருக்குக் கொடுத்த வாக்கில் பாதியைச் செய்தால்கூட, "சரி, விடு" என்று அவர் நிறுத்திவிடுவார். அவர் இல்லாதபோது நாம் அதைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறோம், எவ்வளவு செய்தாலும் குறைந்ததாகவே தோன்றுகிறது. அதனால் கொடுத்த அளவில் மட்டும் செய்யுங்கள் என்பேன். உங்கள் கணவர் தமக்குத் தெரிந்தே அளந்து கேட்டிருக்கிறார். கல்லறை இருக்கிறது என்று நம்பியிருந்தால், "சமாதியில் மாலை போட்டு வா" என்றுதானே சொல்லியிருப்பார்?

இன்னொன்றும் உங்கள் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. இந்த வேண்டுதல் உங்கள் கணவரோடு தொடங்கியதல்ல. ஒரு பெண் கணவன் செத்தானா இருக்கிறானா என்று தெரியாமல், அழுது முடிக்கவும் வழியில்லாமல், பொட்டை வைப்பதா அழிப்பதா என்பதைக்கூடத் தானே தனியாக முடிவெடுத்து வாழ்ந்திருக்கிறாள். அவள் மடியில் வளர்ந்த பேரன் அதைச் சுமந்தான். இப்போது அது, அந்தத் தாத்தாவுக்கு இரத்த உறவே இல்லாத, அந்த வீட்டுக்கு வாழவந்த உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பாட்டிக்கு நடக்காதது உங்களுக்கு நடந்தது: கணவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசவும் வழியனுப்பவும் முடிந்தது. அந்தப் பாட்டி போக முடியாத இடத்துக்கு இன்னொரு பெண் போவதில் எனக்குப் பொருத்தமின்மை எதுவும் தெரியவில்லை. தாத்தா பெயரைச் சொல்லும்போது பாட்டி பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதை மட்டும் நான் கூட்டுகிறேன், வேண்டாமென்றால் விட்டுவிடலாம்.

சூடம் ஏற்றச் சரியான இடம் ஒன்று உண்டு. காஞ்சனபுரியில் வாட் தாவொன் வராராம் என்ற கோயில், வியட்நாமிய மரபைச் சேர்ந்த மகாயானக் கோயில். அங்குள்ள ஒரு தூபியின் கீழே ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் திரட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. 1990-இல் ஊருக்குள்ளேயே ஒரு புதைகுழி தோண்டப்பட்டு நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் வெளிப்பட்டன. அவர்களும் இப்பாதையில் மாண்ட தொழிலாளர்களே என்று கருதப்படுகிறது. அந்தக் கோயிலில் 2023 மே தினத்தன்று தமிழ்த் தொழிலாளர்களுக்கென ஒரு நடுகல் நிறுத்தப்பட்டது. எண்பது ஆண்டு தாமதமானாலும் தமிழர் முறைப்படி நின்ற கல் அது. தாத்தா அந்தத் தூபிக்குள் இருக்கிறாரா என்று கேட்காதீர்கள். அவரைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். பிக்குகளிடம் சைகையிலாவது கேட்டுக்கொண்டு திறந்த வெளியில் ஏற்றுங்கள். ஊதுபத்தி ஏற்றிப் பழகியவர்கள், சூடத்தைத் தடுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. சிறிய தட்டு ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது.

குவாய் ஆற்றின் ரயில் பாலத்துக்கு அருகே சப்பானிய ரயில்வே படையினர் 1944-இலேயே, அதாவது போர் முடிவதற்கு முன்பே, தாங்கள் வேலை வாங்கிச் சாகடித்தவர்களுக்காக எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று இருக்கிறது. பல மொழிக் கல்வெட்டுகளில் தமிழும் உண்டு. அதைப் பார்த்தால் உங்களுக்குக் கோபம் வரலாம், எனக்கு வந்தது. அங்கே சூடம் ஏற்ற வேண்டியதில்லை. இரும்புப் பாலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் வளைந்த கண்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை, நடுவில் வளைவில்லாமல் நிற்கும் இரண்டு கண்கள், குண்டுவீச்சுக்குப் பின் மாற்றி வைத்தவை. ஆனால் கூட்டம் முழுவதும் படம் எடுத்துக்கொண்டிருக்கும். நவம்பர் கடைசியில் அங்கே ஒளியும் ஒலியுமாகத் திருவிழா நடக்கும். அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பாலத்தை விட ரயில்தான் உங்களுக்கு முக்கியம். காஞ்சனபுரியிலிருந்து ‘நாம் தோக்’ என்ற நிலையம் வரை பழைய பாதையில் இன்றும் சாதாரண பயணிகள் வண்டி ஓடுகிறது. அதற்கு அப்பால் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள், சங்லாபுரிப் பக்கம் ஒரு பகுதி அணைக்கட்டின் நீரில் மூழ்கிவிட்டது. தாம் க்ராசே என்ற இடத்தில் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் கீழே குவாய் நோய் ஆறு, நடுவில் மரத்தூண்களின் மேல் வண்டி ஊர்ந்து செல்லும். சன்னலில் கையை நீட்டினால் பாறை தட்டும் அளவுக்கு நெருக்கம். உளியால் குடைந்த தழும்புகள் கண்ணுக்குத் தெரியும். தாத்தா அந்தப் பாறையைத்தான் வெட்டினார் என்று கற்பனை செய்துகொள்ளத் தோன்றும். அவர் எந்த முகாமில் இருந்தார் என்பது நமக்குத் தெரியாது, தெரியாததாகவே இருக்கட்டும்.

மகன் சொல்லும் அரை நாள் போதாது. கோயிலுக்கு ஒரு காலை, ரயிலுக்கு ஒரு பகல் என்று இரண்டு நாளாவது வேண்டும், அதற்கு மேல் அவசியமில்லை. பாங்காக் வரை விமானத்தில் போகவும் வேண்டாம். தாத்தாவைச் சரக்கு வண்டியில் அடைத்துக் கொண்டுபோன அதே தடத்தில், சுங்கை சிப்புட்டில் ஏறி பாடாங் பெசாரில் மாறி, நக்கோன் பத்தோமில் இறங்கினால் காஞ்சனபுரி வண்டி அங்கேயே கிடைக்கும். வழியில் பான் போங் நிலையத்தைத் தாண்டுவீர்கள். மகனையும் அழைத்துப் போங்கள், அது அவனுடைய கொள்ளுத்தாத்தாவின் காரியமும் அல்லவா?

நாத்தனாரோடு சண்டை போட வேண்டாம். சாவு விழுந்த இடத்துக்குப் போகக் கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. கணவர் சொன்ன காரியத்தை மனைவி செய்வதற்குத் தீட்டு எங்கிருந்து வந்தது? ஆனால் ஐப்பசி வரை அங்கே மழை, எப்படியும் பொறுக்கத்தான் வேண்டும். அதற்குள் ஆண்டுத் திதியும் வந்துவிடும். அதன்பின் தை அமாவாசையை ஒட்டிப் போனால் குளிர்ந்த காலம். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கொடுப்பது நம் வழக்கமும்கூட. அந்த அம்மாளும் உடன் வர விரும்பலாம், கேட்டுப் பாருங்கள். அவருக்கும் அவர் தாத்தாதானே.

கணவரின் படத்தைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தூபிக்கு முன்னால் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. அது பெயர் இல்லாமல் போனவர்களின் இடம். உங்கள் கணவருக்குப் பெயரும் திதியும் வீட்டில் படமும் இருக்கின்றன. நீங்கள் அங்கே போவது அவருக்காகத்தான், ஆனால் அங்கே செய்வது தாத்தாவுக்காக.

புறப்படும் முன் தாத்தாவின் பெயர், அவர் தகப்பனார் பெயர், தோட்டம், கொண்டுபோன ஆண்டு ஆகியவற்றைக் கணவரின் உறவினர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சயாம் ரயில் பற்றித் தகவல் திரட்டும் ஆர்வலர்கள் மலேசியாவிலேயே இருக்கிறார்கள். அந்தத் தாளின் படி ஒன்றை அவர்களுக்கும் கொடுக்கலாம். பாடாங் பெசாரில் இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் நிலையத்துக்குள்ளேயே முடிந்துவிடும். அங்கிருந்து கிளம்பும் சயாம் வண்டியின் அட்டவணை தாய்லாந்து நேரப்படி, அது நம் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். சீட்டு எடுக்கும்போது மகனைக் கவனித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்.