குழாயும் பளபளப்பும்: பழைய மசில் கார் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்), டிரிம் (காரின் பளபளப்புப் பட்டைகள், பேட்ஜுகள்) பற்றியவை. நல்லது. பெயின்ட்டுக்கும் இன்ஜினுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, பின்பக்கம் சம்பந்தமில்லாத குழாயைத் தொங்கவிட்ட கார்களைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துப்போயிருந்தேன். வழக்கமாகச் சொல்வதை மறுபடியும் சொல்கிறேன்: கழற்றும் முன் படம் எடுங்கள். கழற்றியது எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் வேலை முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): 1966 மஸ்டாங் ஜிடி ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறேன். பின்னால் டிரம்பெட் குழாய், முன்னால் ஃபாக் விளக்கு எல்லாம் இருக்கின்றன. வின் எண்ணில் (காரின் அடையாள எண்) ஐந்தாவது எழுத்து சி. மார்ட்டி ரிப்போர்ட் வாங்கிவிட்டால் போதுமா?

மார்ட்டி ரிப்போர்ட், அதாவது ஃபோர்டின் தயாரிப்புப் பதிவுகளில் இருந்து எடுத்துத் தரும் ஆவணம், 1967 மாடலில் இருந்துதான் கிடைக்கும். 1966 காருக்கு அது வரவே வராது. அது தேவையும் இல்லை, பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஜிடி என்ற ஸ்போர்ட்ஸ் ஆப்ஷன் பேக்கேஜை 289 (கன அங்குல) இன்ஜினில் ஏ கோடு (225 குதிரைத்திறன்), கே கோடு (271) இரண்டுக்கு மட்டுமே ஃபோர்டு கொடுத்தது. சி என்றால் இரண்டு பேரல் கார்புரேட்டர் போட்ட சாதா 289. இந்தக் கார் ஜிடியாகப் பிறக்கவில்லை, பிறகு யாரோ ஜிடி வேஷம் போட்டிருக்கிறார்கள்.

ஏ கோடு இருந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள். காருக்கு அடியில் படுத்துப் பின்பக்க ஃபிரேம் ரெயிலைப் பாருங்கள். இரட்டைக் குழாயைத் தொங்கவிடும் ஹேங்கருக்காகத் தொழிற்சாலையில் வெல்டிங் செய்த பலப்படுத்தும் தகடு இருக்க வேண்டும். டிரம்பெட் முனையையும் ஓட்டை போட்ட வேலன்ஸையும் (பம்பருக்கு அடியில் இருக்கும் தகடு) கடையில் வாங்கி மாட்டிவிடலாம். அந்தத் தகட்டைப் பெரும்பாலோர் மறந்துவிடுவார்கள், அல்லது போல்ட் போட்டு ஒப்பேற்றியிருப்பார்கள். சாதா மஸ்டாங் விலைக்கு மேல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): 1970 டாட்ஜ் சேலஞ்சர் ஆர்/டி என்று விற்கிறார். வின் எண் ஜேஎச்23ஜி என்று தொடங்குகிறது. நம்பலாமா?

ஆர்/டி என்ற வேக மாடல் என்றால் ஜேஎஸ் என்று தொடங்கும். ஜேஎச் சாதா சேலஞ்சர், ஜி என்பது 318 இன்ஜின். சாதா சேலஞ்சர் விலைக்குக் கொடுத்தால் வாங்குங்கள்.

கேள்வி (ஊர் இல்லை): என்னிடம் பழைய ஷெவெல் இருக்கிறது. எந்த சைலன்சர் நல்லது?

எந்த வருடம்? எந்த இன்ஜின்? ஒற்றைக் குழாயா, இரட்டையா? இதைச் சொல்லாமல் சைலன்சர் கேட்டால் நான் என்ன பதில் எழுதுவது? முதலில் வின் எண்ணைப் பாருங்கள். 1966 முதல் 1968 வரை 138 என்று தொடங்கினால் எஸ்எஸ் 396, அதாவது 396 இன்ஜின் போட்ட ஸ்போர்ட்ஸ் மாடல். 1969-இல் எஸ்எஸ் வெறும் ஆப்ஷனாகிவிட்டது, அதனால் வின் எண் அதைச் சொல்லாது. பெட்ரோல் டேங்க்கின் மேல் ஒட்டியிருக்கும் பில்டு ஷீட் (காரில் எதெது போட வேண்டும் என்று ஆலையில் எழுதிய தாள்) மிஞ்சியிருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு விவரத்தோடு எழுதுங்கள்.

கேள்வி (டொராண்டோ): 1969 ஷெவெல். பம்பரில் இருந்து ஜன்னல் ஓரப் பட்டை வரை பளபளக்கும் எல்லாவற்றையும் ஒரே குரோம் கடையில் கொடுத்துவிடலாமா? காந்தம் வைத்துப் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும் என்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். பளபளப்பதெல்லாம் குரோம் இல்லை. பம்பர், இரும்பின் மேல் குரோம் பூசியது. கண்ணாடிகளைச் சுற்றி ஓடும் மோல்டிங் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ். கிரில்லும் சில பட்டைகளும் அனோடைஸ் செய்த (மின்முறையில் காப்புப் படலம் ஏற்றிய) அலுமினியம். பேட்ஜ், விளக்கைச் சுற்றிய வளையம் போன்றவை பாட் மெட்டல், அதாவது துத்தநாக வார்ப்பு. நான்குக்கும் நான்கு வைத்தியம்.

காந்தத்தை முழுதாக நம்ப வேண்டாம். அலுமினியத்திலும் பாட் மெட்டலிலும் அது ஒட்டாது, சரி. ஆனால் கார் டிரிமுக்குப் பயன்படும் 430 வகை ஸ்டெயின்லெஸ்ஸில் நன்றாகவே ஒட்டும். அதை இரும்பு என்று நினைத்து குரோம் பூசக் கொடுத்தவர்கள் உண்டு. பட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பூச்சு உரியாமல், செந்துரு இல்லாமல் இருந்தால் ஸ்டெயின்லெஸ்.

ஸ்டெயின்லெஸ் பட்டைதான் இருப்பதிலேயே கைக்கு அடங்கும் வேலை, வீட்டிலேயே செய்யலாம். ஒடுக்கு விழுந்த இடத்தைப் பின்பக்கமிருந்து சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டி எழுப்புங்கள். ஒரே அடியில் எழுப்பப் பார்த்தால் தகடு இழுபட்டுப் புடைத்துக்கொள்ளும், அப்புறம் அது அடங்காது. மெல்லிய அரத்தை ஒருமுறை ஓட்டினால் மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று காட்டிக்கொடுக்கும். பிறகு 400, 600, 1000 என்று தண்ணீர்த் தாள் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்). கடைசியில் பஃபிங். சக்கரம் எப்போதும் பட்டையின் ஓரத்தை விட்டு வெளியே ஓடும்படி பிடியுங்கள். ஓரத்துக்கு எதிராக ஓடினால் பட்டையைக் கையிலிருந்து பிடுங்கி எறியும். நீளமான பட்டையும் போகும், விரலும் போகும்.

அலுமினியம் வேறு மாதிரி. மேலே இருக்கும் அனோடைஸ் படலத்தை எடுக்காமல் எவ்வளவு தேய்த்தாலும் மங்கல் போகாது. காஸ்டிக் சோடா கரைசலில் அந்தப் படலம் போய்விடும். அடியில் இருக்கும் அலுமினியத்தையும் அது தின்னும் என்பதால் பக்கத்திலேயே நின்று பாருங்கள், நுரைக்குமிழி வேகமாகக் கிளம்பும்போதே எடுத்துக் கழுவிவிடுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். பாலிஷ் செய்த பிறகு மறுபடி அனோடைஸ் செய்யாவிட்டால், டொராண்டோவில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்களே, ஒரே வருடத்தில் பழைய கோலம்தான்.

பாட் மெட்டல் குழி விழுந்திருந்தால் செப்பு பூசித் தேய்த்து, பிறகு நிக்கல், குரோம் என்று பல சுற்று வேலை இருக்கிறது. பல நேரம் புதிய நகல் பேட்ஜ் வாங்குவதே மலிவு. ஆனால் நகலில் எழுத்தின் ஓரம் தடித்து மழுங்கியிருக்கும், அசலின் கூர்மை வராது. அதனால் அசலை எறிந்துவிடாதீர்கள்.

உங்கள் கார் கனடாவில் புதிதாக விற்கப்பட்டதாக இருந்தால், கனடா ஜிஎம் நிறுவனமே கட்டணம் வாங்கிக்கொண்டு அதன் தொழிற்சாலை விவரங்களைத் தரும். எஸ்எஸ்ஸா இல்லையா என்ற சண்டை அதோடு தீர்ந்தது.

கேள்வி (சிகாகோ): 1969 கேமரோ எஸ்எஸ். பின்னால் குறுக்காக இருக்கும் பெரிய சைலன்சர் ஓட்டையாகிவிட்டது. எக்ஸாஸ்ட் கடைக்காரர் அதை வெட்டி எறிந்துவிட்டு, காரின் தரைக்கு அடியில் இரண்டு சைலன்சர் வைத்து 3 அங்குலக் குழாய் இழுத்துத் தருகிறேன், சத்தம் அட்டகாசமாக இருக்கும் என்கிறார். செய்யலாமா?

செய்யாதீர்கள். இதைப் பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். அப்படியும் மாதம் ஒரு கேமரோவாவது இப்படி வெட்டுப்படுகிறது.

1967 முதல் 1969 வரையிலான கேமரோவுக்குத் தரை தாழ்வு. இரண்டு பெரிய சைலன்சரை அங்கே நுழைத்தால் அவை சாலையை உரசும். அதனால்தான் ஒரே சைலன்சரைக் குறுக்காகப் படுக்க வைத்து, பின் ஆக்ஸிலுக்கும் பெட்ரோல் டேங்க்குக்கும் நடுவே செருகினார்கள். இன்ஜினில் இருந்து வரும் இரண்டு குழாய்களும் ஆக்ஸிலைத் தாண்டி அதற்குள் போகும். மறுபடி இரண்டாகப் பிரிந்து பின்சக்கரத்துக்குப் பின்னால் இரு பக்கமும் வெளியே வந்து கீழே மடங்கும். இரண்டு பக்கச் சத்தமும் ஒரே பெட்டிக்குள் கலப்பதால்தான் அந்தக் கேமரோவுக்கே உரிய அடித்தொண்டைக் குரல் வருகிறது. அதை வெட்டிவிட்டு எந்தக் காரிலும் வரக்கூடிய சத்தத்தை வைத்துக்கொண்டு எஸ்எஸ் என்று பேட்ஜ் மாட்டுவதில் என்ன பெருமை?

வெட்டும்போது போவது சைலன்சர் மட்டுமல்ல. ஹேங்கர், கிளாம்ப், ரெயிலில் இருந்த பிராக்கெட் எல்லாம் சேர்ந்து போகும். என் நண்பர் ஒருவர் தன் கேமரோவை ஒரு கடையில் விட்டார். துருப்பிடித்த வால்குழாயை மட்டும் மாற்றச் சொன்னார். மாலையில் போய்ப் பார்த்தால் ஆக்ஸிலுக்கு முன்னாலேயே காஸ் கட்டரால் வெட்டியிருந்தார்கள். பழைய ஹேங்கர்கள் எங்கே என்று கேட்டோம், குப்பை வண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது என்றார்கள். ஐம்பது வருடம் காரோடு இருந்த சாமான். நகல் ஹேங்கர் கிடைத்தது. ஆனால் ஓட்டைக்கு ஓட்டை சேரவில்லை, ரெயிலோடு மல்லுக்கட்டித்தான் மாட்டினோம். அதனால்தான் காரைக் கடையில் விடும்போது "கழற்றியது அத்தனையும் எனக்கு வேண்டும்" என்று வேலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள் என்கிறேன்.

குறுக்கு சைலன்சரும் குழாய்களும் நகலாக, முழு செட்டாகவே கிடைக்கின்றன. கடைக்காரர் செய்ய நினைக்கும் வேலைக்கும் இதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் வராது. அசல் குழாய் இரண்டு, இரண்டேகால் அங்குலம்தான். வளைவுகளில் லேசாகத் தட்டையாகியிருக்கும், தொழிற்சாலை அப்படித்தான் வளைத்தது. வழவழவென்று வளைத்த 3 அங்குலக் குழாயை, அசல்தன்மை பார்க்கும் கார் போட்டிக்குக் கொண்டுபோனால் நடுவர் குனிந்த மாத்திரத்தில் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்.

மாட்டும்போது ஒன்று கவனியுங்கள். காரை லிஃப்ட்டில் உடம்பைப் பிடித்துத் தூக்கினால் ஆக்ஸில் கீழே தொங்கும், குழாய்க்கும் அதற்கும் நிறைய இடம் இருப்பதுபோல் தெரியும். இறக்கியதும் இடிக்கும். சக்கரம் தாங்கி நிற்கும் ராம்ப்பில் ஏற்றி, எல்லாவற்றையும் தளர்வாகக் கோத்து, இடைவெளி பார்த்த பிறகு முன்னாலிருந்து பின்னால் இறுக்கிக்கொண்டு வாருங்கள்.

சத்தம்தான் வேண்டுமென்றால் அதற்கும் ஷெவர்லே 1969-இலேயே வழி வைத்திருந்தது. என்சி8 என்ற ஆப்ஷனில் சைலன்சரே கிடையாது. குழாயையே இடையிடையே நசுக்கிச் சின்னச் சின்ன அறைகளாக்கி, அதை வைத்துச் சத்தத்தைக் கொஞ்சம் அடக்கினார்கள். கொஞ்ச காலமே விற்றது, சத்தம் அதிகம். அதன் நகலும் கிடைக்கிறது. உங்கள் ஊர்ச் சத்தக் கட்டுப்பாடு இடம் கொடுத்தால் போடுங்கள். ஆனால் காகிதம் இல்லாமல் "என் கார் என்சி8-ஓடு வந்தது" என்று விற்கக் கிளம்பாதீர்கள்.

கேள்வி (கலிஃபோர்னியா): 1969 கேமரோ இசட்/28. கவுல் தகட்டில் (இன்ஜினுக்குப் பின்சுவரில் இருக்கும் ஆலைத் தகடு) இசட்/28-ஐக் காட்டும் எக்ஸ்77 என்ற குறி இல்லை. போலியா?

வின் எண்ணில் ஆலை எழுத்து எல் என்றால் அது லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து வான் நைஸ் ஆலை. அங்கே எக்ஸ் குறி அடிக்கவே இல்லை. என் என்றால் ஓஹாயோவின் நார்வுட். அங்கும் 1968 டிசம்பர் வாக்கில்தான் ஆரம்பித்தார்கள். ஆலையும் தேதியும் தெரியாமல் போலி என்று சொல்ல முடியாது.

கேள்வி (டெட்ராய்ட்): ஷெவர்லே பிக் பிளாக் (பெரிய வி8 இன்ஜின்). எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து வரும் புகையைச் சேர்க்கும் வார்ப்பிரும்புப் பாகம்) துருவேறியிருக்கிறது. இன்ஜினோடு சேர்த்து ஆரஞ்சு பெயின்ட் அடித்துவிடலாமா? அல்லது ஹெடர் போட்டுவிடலாமா?

ஆலையில் மேனிஃபோல்டை மாட்டிய பிறகுதான் இன்ஜினுக்கு பெயின்ட் அடித்தார்கள். அதனால் மேனிஃபோல்டிலும் ஆரஞ்சு தெறித்திருக்கும், ஓட்டிய கொஞ்ச நேரத்தில் கருகிப்போகும். முழு ஆரஞ்சு மேனிஃபோல்டு தவறு. வார்ப்பிரும்பு நிறத்தில் வெப்பம் தாங்கும் பெயின்ட் அடியுங்கள்.

கழற்றும் முன் அதில் வார்த்திருக்கும் தேதியைப் படியுங்கள். எழுத்து மாதம் (ஏ என்றால் ஜனவரி), அடுத்து நாள், கடைசி எண் வருடம். சி 14 9 என்றால் 1969 மார்ச் 14. கார் தயாரான தேதிக்குப் பிந்தைய தேதி இருந்தால் அது பிறகு மாற்றியது. போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள், ஹெட்டுக்குள் முறிந்துவிடும். முந்தின இரவே எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். ஹெடர் (மேனிஃபோல்டுக்குப் பதில் போடும் தனித்தனிக் குழாய்கள்) உங்கள் இஷ்டம். போட்டால் அசல் மேனிஃபோல்டை அலமாரியில் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி (அட்லாண்டா): 1970 பாண்டியாக் ஜிடிஓவில் டாஷ்போர்டுக்கு அடியில் "எக்ஸாஸ்ட்" என்று எழுதிய ஒரு குமிழ் இருக்கிறது. வேலை செய்யவில்லை. கழற்றிவிடலாமா?

கையை எடுங்கள்! அந்தக் குமிழை இழுத்தால் வேக்குவம் (இன்ஜினின் உறிஞ்சு விசை) மூலம் சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புகள் திறந்து, சத்தம் கூடும், பின்னழுத்தம் குறையும். 1970 மாடலின் ஆரம்பத்தில் மட்டும் கொடுத்தார்கள், மேலிடத்து உத்தரவில் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். மிக அரிது. பழைய பாண்டியாக்குகளின் ஆலைப் பதிவுகளைத் தரும் பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸுக்கு வின் எண்ணை அனுப்பி ஆவணம் வாங்குங்கள், ஆப்ஷன் அதில் பதிவாகியிருக்கும். அதுவரை ஒரு குழாயையும் அசைக்காதீர்கள்.

கேள்வி (டல்லஸ்): 1964 ஜிடிஓ அசலா என்று வின் எண்ணில் எப்படிப் பார்ப்பது?

பார்க்க முடியாது. 1964, 1965 இரண்டிலும் ஜிடிஓ என்பது லெமான்ஸ் மேல் வாங்கும் ஆப்ஷன். வின் எண்ணில் ஜிடிஓவைக் காட்டும் 242 என்ற எண் 1966-இல்தான் வந்தது. மேலே சொன்ன அதே ஆவணம்தான் இதற்கும் வழி.

கேள்வி (மெல்பர்ன்): புதுக் குழாய் ஸ்டெயின்லெஸ்ஸா, அலுமினைஸ்டா?

போட்டிக்கு அலுமினைஸ்டு (அலுமினியம் பூசிய இரும்பு), தினசரி ஓட்ட ஸ்டெயின்லெஸ். பளபளப்பாக பாலிஷ் செய்தது எதற்கும் வேண்டாம்.

கேள்வி (ஒட்டாவா): இன்ஜின் சூடானதும் கார்புரேட்டரில் பெட்ரோல் கொதிக்கிறது, இழுவை இல்லை. மூன்று மெக்கானிக் பார்த்தாகிவிட்டது.

ஹீட் ரைசர் வால்வை யாராவது தொட்டுப் பார்த்தார்களா? ஷெவர்லே வி8 என்றால் வலப்பக்க மேனிஃபோல்டின் அடியில் இருக்கும். குளிரில் மூடி, சூட்டில் திறக்க வேண்டியது. மூடியபடி துருப்பிடித்து நின்றுவிட்டால் அந்தப் பக்கத்துப் புகை மொத்தமும் இன்டேக்கின் (காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் பாகம்) அடியில் போய் கார்புரேட்டரைச் சுட வைக்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போது அதன் எடைத்துண்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் ஊடுருவும் எண்ணெய் விட்டு மெல்லத் தட்டி விடுவியுங்கள். சைலன்சரை மாற்றச் சொல்லும் நான்காவது மெக்கானிக்கிடம் அதற்கு முன்னால் போகாதீர்கள்.