சினைப்பைக் கட்டி என்ன வகைப் புற்றுநோய் என்று ஸ்கேனிலேயே தெரிந்துவிடுமா?

மாதவிடாய் நின்ற பிறகு அம்மாவுக்கு உதிரப்போக்கு, ஸ்கேனில் சினைப்பைக் கட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். முடிவான பதிலை ஸ்கேன் தராது. ஆனால் பழகிய கண் பார்த்தால் நிறையச் சொல்லும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் அத்தை முப்பது ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 57 வயதில் மீண்டும் உதிரம் பட்டதைத் துணி துவைக்கும் இடத்தில் என்னிடம் மட்டும் சொன்னார். முதலில் பார்த்த கிளினிக்கில், “இந்த வயதில் இப்படித்தான் இருக்கும், அம்மா” என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதங்கள் வீணாயின. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு சொட்டுப் பட்டாலும் காரணத்தைத் தேடியே ஆகவேண்டும்.

ஈப்போவில் ஸ்கேன் செய்த மருத்துவர் கருப்பையையும் கவனித்தார், உட்சுவர் தடித்திருந்தது. பிறகு எம்.ஆர்.ஐ. படத்தைத் திரையில் காட்டினார். கெட்டியான சதைக்குள் ஆப்பத்தின் நடுப்பகுதி போலச் சின்னச் சின்னக் கண்கள். எல்லாம் நீர்ப்பைகள். சிலவற்றில் பழைய ரத்தம் தேங்கி வெள்ளையாகப் பளிச்சிட்டது. இப்படிப்பட்ட கட்டியும் தடித்த கருப்பையும் சேர்ந்து வந்தால் கிரானுலோசா செல் கட்டியாக இருக்குமோ என்று சந்தேகிப்போம் என்றார். அது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரந்து கருப்பை உட்சுவரைத் தடிக்கச் செய்யும்; நின்றுபோன உதிரம் திரும்புவது அதனால்தான். சினைப்பைப் புற்றுகளில் நூற்றுக்கு 2 முதல் 5 வரைதான் இந்த வகை. சினைப்பைப் புற்றைச் சந்தேகித்தால் வழக்கமாக எடுக்கும் சி.ஏ. 125 ரத்தப் பரிசோதனையில் இந்த வகைக்கு அளவு கூடாமல் இயல்பாகவே இருக்கலாம். அத்தைக்கும் அப்படித்தான் இருந்தது. ஆகவே இந்தக் கட்டி சுரக்கும் இன்ஹிபின் என்ற இன்னொரு ஹார்மோனின் அளவையும் ரத்தத்தில் பார்த்தார்கள்.

அறுவைக்குப் பின் ஆய்வகம்தான் பெயரை உறுதிசெய்தது. முன்னதாகவே ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கக்கூடாதா என்று கேட்டேன். சினைப்பைக்குள் அடங்கியிருக்கும் கட்டியைக் குத்தினால் செல்கள் வயிற்றுக்குள் சிந்தக்கூடும், அதனால் உடையாமல் முழுதாக எடுப்பதே நல்லது என்றார்கள்.

ஸ்கேன் அறைக்குள் போனதும் உதிரப்போக்கைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். அம்மா கூச்சப்பட்டால் நீங்கள் சொல்லுங்கள். “கட்டி” என்று மட்டும் எழுதிய சீட்டோடு போனால் கருப்பையைச் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றாமல் போகலாம்.

கிரானுலோசா என்றே முடிவானால் படங்களைத் தொலைத்துவிடாதீர்கள். இது 10, 20 ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடியது. பழைய படத்தோடு ஒப்பிட வேண்டிவரும். அத்தை அந்தப் பழுப்பு உறையைச் சாமி மேடைக்குக் கீழே வைத்திருக்கிறார். ஒவ்வொரு பரிசோதனைக்கும் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் ஈப்போ பஸ் ஏறுகிறார்.