சிங்கப்பூரில் நல்ல சில்லி கிராப் எங்கே கிடைக்கும்? விலையில் ஏமாறாமல் ஆர்டர் செய்வது எப்படி?

நான்கு பேர் கொண்ட குடும்பம், சிங்கப்பூரில் நான்கு நாள், அதில் ஒரு இரவு சில்லி கிராப். எந்தக் கடைக்குப் போவது, என்ன பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைப் பெயரை மட்டும் சொன்னால் பாதிப் பதில்தான். பேர்பெற்ற கடைகளில் சாஸ் பெரும்பாலும் தேறிவிடும். ஒரே கடையில் ஒரு நாள் அமிர்தமாகவும் மறுநாள் வெறும் ஓடாகவும் வருவது நண்டுதான். அதனால் நண்டைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

அதற்கும் முன் ஒன்று. பெயரில் சில்லி இருப்பதால் நம் ஊர் மிளகு நண்டு வறுவல் மாதிரி காரமாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். இது தக்காளிப் புளிப்பும் இனிப்பும் தூக்கலாக, முட்டை கலந்து கெட்டியாக வரும் சாஸில் மிதக்கும் நண்டு. காரம் பின்னால் மெதுவாகத்தான் ஏறும். பத்து வயதுப் பிள்ளைகளும் சாப்பிட்டுவிடலாம். காரம்தான் வேண்டும் என்றால் கருமிளகு நண்டு கேளுங்கள், அது வேறு பதார்த்தம்.

1950களின் நடுவில் செர் யாம் தியான் என்ற பெண்மணி, பாட்டிலில் வரும் தக்காளி சாஸையும் மிளகாய் சாஸையும் சேர்த்து நண்டை வதக்கி, கணவரோடு தள்ளுவண்டியில் விற்றதுதான் தொடக்கம். பிறகு அது பாம் பீச் என்ற உணவகமாக வளர்ந்தது. 1963இல் தொடங்கிய டிராகன் பீனிக்ஸ் உணவகத்தின் ஹூய் கோக் வாய் அதில் சம்பால் எனும் மிளகாய் விழுதையும் முட்டையையும் சேர்த்துப் புளிப்பைக் கூட்டினார். இன்று பெரும்பாலான கடைகளில் நீங்கள் சாப்பிடப்போவது இந்த இரண்டாவது வகையின் வாரிசு. இது ஏன் தெரிய வேண்டும் என்றால், ஒரு கடையின் சாஸ் இனிப்பாகவும் இன்னொன்று புளிப்பாகவும் இருப்பது தவறல்ல, இரண்டுக்கும் பின்னால் ஒரு மரபு இருக்கிறது.

இனி நண்டு. கேட்க வேண்டியது சேற்று நண்டு. கடைகளில் 'ஸ்ரீலங்கன் கிராப்' என்பார்கள். இலங்கையின் களப்புகளிலிருந்து பல ஆண்டுகளாக இங்கே இறக்குமதியாகும் கனத்த ஓட்டு நண்டு இது. இந்தோனேசியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் சேற்று நண்டும் வரும். நன்றாக இருந்தால் அதையும் தயங்காமல் வாங்கலாம். அலாஸ்கா கிங் கிராப்பை ஊழியர் ஆர்வமாகப் பரிந்துரைத்தால் நிதானியுங்கள். ஒன்றே மூன்று கிலோவுக்கு மேல் போகும், 100 கிராம் விலையும் பல மடங்கு. அதன் மென்மையான இனிப்புச் சதையை இந்த அழுத்தமான சாஸில் போட்டால் சாஸ்தான் தெரியும். அதை ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுவதே முறை.

எடை 800 கிராமிலிருந்து 1.2 கிலோ வரை இருக்கட்டும். 600 கிராமுக்குக் கீழே போனால் உடைக்கிற பாடுதான் மிஞ்சும். ஒன்றரை கிலோவைத் தாண்டினால் கொடுக்குச் சதை நார் நாராகிவிடும், பெரிய நண்டு என்று விலையும் கூட்டுவார்கள். நான்கு பேருக்கு ஒன்றரை கிலோவில் ஒரு நண்டு வாங்குவதைவிட 800 கிராமில் இரண்டு வாங்கி, ஒன்று சில்லி, ஒன்று கருமிளகு என்று கேட்பது நல்லது. நான்கு பெரிய கொடுக்கு கிடைக்கும், ஆளுக்கொன்று. சண்டை வராது.

ஆண் நண்டைக் கேளுங்கள். திருப்பிப் பார்த்தால் வயிற்று மடிப்பு குறுகலான முக்கோணமாக இருந்தால் ஆண், அகலமாக வட்டமாக இருந்தால் பெண். ஆணுக்குக் கொடுக்கு பெரிது. பெண் நண்டின் சினை அருமையான பொருள்தான், ஆனால் சில்லி சாஸில் அந்தச் சுவை அமுங்கிப்போகும். சினை வேண்டுமென்றால் ஆவியில் வேகவைத்த நண்டு கேட்கலாம்.

அடுத்தது சதை நிறைந்திருக்கிறதா என்பது. அமாவாசை நண்டில் சதை இருக்கும், பௌர்ணமி நண்டு கூடு என்று நம் கடற்கரைகளில் சொல்வது உண்டு. மீன்தொட்டி முன்னால் நின்றுகொண்டு பஞ்சாங்கம் பார்க்க முடியாது. நண்டு எப்போது ஓடு கழற்றியது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஓடு கழற்றிய நண்டு தண்ணீரை உறிஞ்சிப் பெருத்துப் புது ஓட்டை நிரப்பிக்கொள்ளும். சதை வளர்ந்து அந்த இடத்தைப் பிடிக்க வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பிடிபட்டால் வெளியே பெரிய நண்டு, உள்ளே தண்ணீர். கண்டுபிடிக்கும் வழி: நண்டைத் திருப்பி, கால்கள் உடம்போடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அடி ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்தச் சொல்லுங்கள். கல் மாதிரி இருந்தால் சரி. அட்டை மாதிரி உள்ளே அமுங்கினால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். இன்னொரு அடையாளம் கொடுக்கின் உட்புறப் பற்கள். கூராக, பளபளவென்று புதிதாக இருந்தால் அண்மையில் ஓடு மாற்றியது. தேய்ந்து மழுங்கிப் பழுப்பேறியிருந்தால் பழைய ஓடு, உள்ளே சதை இறுக்கமாக இருக்கும். ஓட்டின் அடிப்பக்கம் கறைபடிந்து அழுக்காக இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். நல்ல நண்டுக்கு அது லட்சணம்.

உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம். கயிற்றால் கட்டியிருப்பதால் அசைவு தெரியாது. கண்ணருகே குச்சியைக் கொண்டுபோனால் கண்காம்பைச் சட்டென்று உள்ளிழுக்க வேண்டும். பின்கால்கள் துவண்டு தொங்கினால் வேண்டாம். நண்டு செத்தவுடன் அதன் செரிமான நொதிகளே சதையைக் கரைக்கத் தொடங்கிவிடும். சமைத்த பிறகு சதை மாவாகி ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். எந்த சாஸாலும் அதை மறைக்க முடியாது.

இப்போது காசு. சண்டையும் வருத்தமும் வருவது இங்கேதான். பட்டியலில் நண்டுக்கு எதிரே 'சந்தை விலை' என்று மட்டும் போட்டிருக்கும். கேட்க வேண்டியவை மூன்று. இன்று 100 கிராம் என்ன விலை? இந்த நண்டு என்ன எடை? மொத்தம் எத்தனை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்)? நண்டு அடுப்புக்குப் போவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். விலையைச் சில கடைகளில் 100 கிராமுக்கும், சில கடைகளில் கிலோவுக்கும் சொல்வார்கள். 10 வெள்ளி என்று காதில் விழுந்ததும் நண்டே பத்து வெள்ளி என்று மகிழ்ந்துபோய், பில் வந்ததும் திகைக்கிறவர்கள் நிறைய. கயிறு தடிமனாக, ஈரமாக இருந்தால் அதுவும் தராசில் ஏறும். கயிற்றை அவிழ்த்து நிறுக்கும் கடையும் உண்டு, கேட்பதில் தவறில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் 10 வெள்ளி, நண்டு 1.2 கிலோ என்றால் 120 வெள்ளி. பட்டியலில் 'ப்ளஸ் ப்ளஸ்' என்று இருந்தால் முதலில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 132 ஆகும். அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்து 143 வெள்ளி 88 காசு. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தனியே டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை. உட்கார்ந்தவுடன் மேசைக்கு வரும் வேர்க்கடலை, ஈரத்துண்டு ஆகியவற்றுக்கும் பல இடங்களில் காசு உண்டு. வேண்டாமென்றால் தொடாமல் உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும். சீனப் புத்தாண்டை ஒட்டி விலை ஏறும், மேசை கிடைப்பதும் பாடு.

கடைகள். மரீன் பரேடில் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் இருக்கும் ரோலண்ட் உணவகம், செர் யாம் தியானின் மகன் நடத்துவது. பழைய மூலச் சுவைக்கு நெருக்கமாகச் சாப்பிட வேண்டும் என்றால் அங்கே போங்கள். 2024இல் திறந்த மரீன் பரேட் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். கடற்காற்றோடு சாப்பிட ஈஸ்ட் கோஸ்ட் கடலுணவு நிலையத்தில் ஜம்போ இருக்கிறது. 1987இல் அங்கேதான் தொடங்கினார்கள். முதல்முறை வருகிறவர்களுக்கு, குறிப்பாக வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு, சேவை ஒழுங்காக இருக்கும் இப்படிப்பட்ட பெரிய கடையே வசதி. வாசலில் எம்ஆர்டி கிடையாது, டாக்சிதான் எளிது. மேசைக்கு முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். அலெக்சாண்டிரா வில்லேஜ் பக்கம் புக்கிட் மேராவில் உள்ள கெங் எங் கீ, கோப்பிக்கடை பாணியில் ஸீ சார் எனும் சீன வீட்டுமுறைச் சமையல் செய்யும் குடும்பக் கடை. மின்விசிறிக் காற்றும் பிளாஸ்டிக் நாற்காலியும் பரவாயில்லை, வாணலியின் தீ வாசம் வேண்டும் என்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். கருமிளகு நண்டுக்கு லாங் பீச். அங் மோ கியோவின் மெல்பென் நண்டு பீஹூன் (அரிசிச் சேமியா) சூப்புக்குப் பேர்போனது. சில்லி கிராப்புக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

ஹலால் பார்க்கிறவர்கள், 'பன்றிக்கறி இல்லை' என்ற பலகையை நம்ப வேண்டாம். சாஸில் சீன அரிசி மது சேர்க்கும் கடைகள் உண்டு. முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் சான்றிதழ் மாட்டியிருக்கும் கடலுணவுக் கடைகளும் இருக்கின்றன. கிளைக்குக் கிளை சான்றிதழ் வேறுபடும், நீங்கள் போகும் கிளையிலேயே பாருங்கள்.

சாஸில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் எங்கே தவறியது என்பதும் நாக்குக்குப் பிடிபடும். ஒரு கிலோ நண்டுக்கு ஏறக்குறைய இப்படி: சின்ன வெங்காயம் எட்டு, பூண்டு பத்துப் பல், இரண்டு அங்குல இஞ்சி, காயாத சிவப்பு மிளகாய் எட்டு, கொஞ்சம் பெலாச்சான் எனும் புளித்த இறால் விழுது. இவற்றை அரைத்து எண்ணெய் பிரியும்வரை வதக்குவார்கள். அதில் ஒரு மேசைக்கரண்டி தௌச்சியோ எனும் புளித்த சோயாமொச்சை, நான்கு மேசைக்கரண்டி தக்காளி கெட்சப், இரண்டு மேசைக்கரண்டி மிளகாய் சாஸ், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, 350 மில்லி வேகவைத்து வடித்த சாறு (ஸ்டாக்). எண்ணெயில் ஒரு நிமிடம் பொரித்தோ ஆவி காட்டியோ எடுத்த நண்டுத் துண்டுகளைப் போட்டு மூடி எட்டுப் பத்து நிமிடம். கடைசியில் சோளமாவுக் கரைசல், தீயை அணைத்தபின் அடித்த முட்டை ஒன்று, எலுமிச்சைச் சாறு.

தட்டு வந்ததும் கரண்டியின் பின்பக்கத்தைச் சாஸில் தோய்த்துப் பாருங்கள். மெல்லிய போர்வையாக ஒட்டி, விளிம்பில் ஆரஞ்சு நிற எண்ணெய் முத்து முத்தாக நிற்க வேண்டும். முட்டை, தண்ணீரில் விரித்த மெல்லிய துணி போல இழை இழையாகத் தெரிய வேண்டும். பொடிமாஸ் மாதிரி உதிரியாக இருந்தால் கொதிக்கும்போது முட்டையை ஊற்றிவிட்டார்கள். ஜெல்லி போல அசைந்தால் சோளமாவு அதிகம். முதல் வாயில் கெட்சப் மட்டும் தெரிந்தால் அரைத்த மசாலா போதாது அல்லது வதங்கவில்லை. பிறகு ஒரு கொடுக்கை உடையுங்கள். சதை முழுசாக, கொடுக்கின் வடிவத்திலேயே உருவி வந்தால் கொடுத்த காசு தகும். ஒட்டிக்கொண்டு பிய்ந்து குழைந்தால் செத்த நண்டு. ஊழியரைக் கூப்பிட்டு அந்தத் துண்டைக் காட்டிச் சொல்லுங்கள், பாதி சாப்பிட்ட பிறகு சொல்லிப் பயனில்லை. ஆர்டர் செய்து ஐந்தே நிமிடத்தில் வந்துவிட்டதா? முன்பே வெந்து கிடந்த நண்டு. இருபது நிமிடமாவது ஆகத்தான் வேண்டும்.

மற்ற பதார்த்தங்களை நண்டுக்கு முன்பே கொண்டுவரச் சொல்லுங்கள். இந்த சாஸுக்குப் பிறகு ஆவியில் வெந்த மீனின் ருசி நாக்கில் ஏறாது. சோற்றைவிட இதற்கு மந்தோ எனும் சீன பன் ரொட்டிதான் பொருத்தம். ஆவியில் வெந்ததை விடப் பொரித்ததைக் கேளுங்கள்: வெளித்தோல் மொறுமொறுவென்று இருப்பதால் சாஸில் தோய்த்தாலும் உடனே நமுத்துப்போகாது. ஒரு நண்டுக்கு ஆறு போதும், சூடு ஆறினால் ரப்பராகிவிடும் என்பதால் ஒரேயடியாகப் பன்னிரண்டு சொல்லாதீர்கள். சாஸை எடுக்கத் தனிக்கரண்டி வையுங்கள். வாயில் வைத்த கரண்டியை மறுபடி தட்டில் விட்டால் எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைத்து, பத்து நிமிடத்தில் கெட்டியான சாஸ் தண்ணீராகிவிடும். சைவம் சாப்பிடுகிறவர் கூட வந்தால், சாஸில் நண்டு இல்லாத இடமாகப் பார்த்து ஊற்றித் தருகிறேன் என்று சொல்லாதீர்கள். பெலாச்சானே புளித்த இறால்தான்.