கொடி ரோஜாவோடு கிளமாட்டிஸ்

கேள்வி: நன்கு வளர்ந்த கொடி ரோஜாவின் அடியிலேயே கிளமாட்டிஸ் என்ற பூங்கொடியை நட்டேன். தேறவே இல்லையே, ஏன்?

பதில்: ரோஜாவின் வேர் தண்ணீரையும் உரத்தையும் முந்திக்கொண்டு உறிஞ்சிவிடும். 45 முதல் 60 செ.மீ. தள்ளி நடுங்கள். தொட்டியில் இருந்ததைவிட 5 செ.மீ. ஆழமாகப் புதைத்தால், மேல்தண்டு திடீரென வாடினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். கிளமாட்டிஸ் இலைக்காம்பால் சுற்றிக்கொண்டுதான் ஏறும். ரோஜாவின் தடித்த தண்டு அந்தப் பிடிக்கு அடங்காது. சணல் கயிறு கட்டி, மெல்லிய கிளைகள் வரை ஏற்றிவிடுங்கள். வேருக்கு மூடாக்கு (மண்ணை மூடும் சருகு, வைக்கோல்) அவசியம், தண்டை ஒட்டி மட்டும் போடாதீர்கள்.

இதையெல்லாம்விட ரகம் முக்கியம். கோடையில் பூக்கும் விட்டிசெல்லா வகை என்றால், குளிர்கால முடிவில் ரோஜாவைக் கவாத்து செய்யும்போதே இதையும் தரையிலிருந்து 30 செ.மீ. விட்டு வெட்டிவிடலாம். மான்டானா என்ற கிளமாட்டிஸ் வகை வேண்டவே வேண்டாம், ரோஜாவையே மூடிவிடும்.