வெங்காயப் பை ஏன் தரையைத் தொடுகிறது?

கேள்வி: ஒரு படுக்கையறை வாடகை வீடு எங்களுடையது. சமையலறையில் இருவர் சேர்ந்து நிற்க முடியாது. வெங்காயம், பூண்டு போட்டுவைக்க உல்லன் நூலில் ஒரு தொங்கு பை பின்னினேன். ஒரே வாரத்தில் முழங்கால் வரை இறங்கிவிட்டது; கைப்பிடி சுருங்கி நூலாகிவிட்டது. சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். பின்னலில் எங்கே தவறினேன்?

பதில்: உங்கள் கை தவறவில்லை, அம்மா. குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) என்பது கண்ணிக்குள் கண்ணி. எடை ஏறியதும் ஒவ்வொரு கண்ணியும் அகலத்தில் ஒடுங்கி நீளத்தில் வளரும். பை முழுவதும் ஒரே பின்னலாக இருந்தால், இரண்டு கிலோ வெங்காயத்தின் பாரமும் அந்தக் கண்ணிகள் மேல்தான் விழுகிறது. கைப்பிடி ஒற்றைச் சங்கிலியாக (ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த கண்ணி வரிசை) இருந்தால் முதலில் இழுபடுவது அதுதான்.

பழைய வீடுகளில் தொங்கிய உறியை நினைத்துப் பாருங்கள். தயிர்ப்பானையின் பாரத்தைச் சுமப்பது பானைக்கு அடியில் போய் மேலே ஏறும் கயிறு. நம் பையும் அப்படித்தான் இருக்க வேண்டும்: பின்னல் பொருளைப் பிடித்துக்கொள்ளட்டும், கயிறு பாரத்தைச் சுமக்கட்டும்.

நூலை முதலில் மாற்றுங்கள். கடையில் உல்லன் என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அது இழுபடும், அடுப்புச் சூட்டில் உருகவும் செய்யும். பருத்தி நூல் வாங்குங்கள். 8 பிளை (நூலின் தடிமன் அளவு) நூலை இரண்டு இழையாகச் சேர்த்து, 5 மி.மீ. ஊசியில் இறுக்கமாகப் பின்னலாம். அந்தத் தடிமனுக்கு வழக்கமாகச் சொல்லும் ஊசி இதைவிடப் பெரியது; சிறிய ஊசி பிடித்தால் கை கொஞ்சம் வலிக்கும், ஆனால் அடிப்பாகம் பலகைபோல் நிற்கும். பருத்தி துவைத்தால் சுருங்கும் என்பதால், உள்ளங்கை அளவு மாதிரி ஒன்று பின்னி, நனைத்துக் காயவைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடிப்பாகத்தை சிங்கிள் குரோஷேயில் (குட்டையான, நெருக்கமான தையல்) வட்டமாகப் போடுங்கள். முதல் சுற்றில் 6 தையல், பிறகு சுற்றுக்கு 6 கூட்டிக்கொண்டே போனால் எட்டாவது சுற்றில் 48 வரும். (வீடியோ பார்த்துப் பின்னுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அமெரிக்க முறையில் சிங்கிள் என்பதைத்தான் பிரிட்டிஷ் முறையில் டபுள் என்பார்கள். பழைய தையல் புத்தகத்தையும் புது வீடியோவையும் கலந்தால் அளவு குழம்பிவிடும்.)

அதற்கு மேல் வலை. 5 சங்கிலி போட்டு ஒவ்வொரு நான்காவது தையலிலும் சேர்த்தால் சுற்றுக்கு 12 வளையம். அடுத்த சுற்றில் 5 சங்கிலி போட்டு முந்தைய வளையத்தின் நடுவில் சேருங்கள். இப்படி ஏழெட்டுச் சுற்று. வெங்காயத்துக்குக் காற்று வேண்டும் என்பதால் இங்கே நெருக்கிப் பின்னாதீர்கள். விளிம்புக்கு வளையத்துக்கு 3 வீதம் 36 சிங்கிள், மூன்று சுற்று.

இனி உறிக்கயிறு. 4 மி.மீ. பருத்திக் கயிறு இரண்டு துண்டு, தலா இரண்டரை மீட்டர். அடிப்பாகத்துக்குக் கீழே கூட்டல் குறிபோலக் குறுக்காக வைத்து, குறுக்கிடும் இடத்தில் ஊசிநூலால் தைத்துவிடுங்கள். நான்கு முனைகளையும் வலைக் கண்கள் வழியே மேலே கொண்டுபோய், விளிம்பில் ஒரு தையல் போட்டு, உலோக வளையத்தில் சேர்த்துக் கட்டுங்கள். நைலான் கயிறு வேண்டாம், முடிச்சு வழுக்கும். அழகு வேண்டுமென்றால் விளிம்புக்கு மேலுள்ள கயிற்றை உள்ளே வைத்து அதன் மேலேயே சிங்கிள் பின்னி மூடலாம். எனக்கு அந்த வேலை மிகவும் பிடிக்கும். கயிறும் தெரியாது, பின்னலும் இழுபடாது.

கட்டியவுடன் மிச்சக் கயிற்றை வெட்டிவிடாதீர்கள். வைக்கப்போகும் எடையைப்போல் இரண்டு மடங்கு அரிசியைக் கட்டிப் போட்டு, ஓர் இரவு தொங்கவிடுங்கள். இறங்க வேண்டியது இறங்கட்டும். காலையில் நீளத்தைச் சரிசெய்து முடிச்சை இறுக்கிய பிறகு வெட்டுங்கள்.

ஆணி இல்லாமல் மாட்ட நல்ல இடம் ஜன்னல் கிரில்தான். எஸ் வடிவ இரும்புக் கொக்கி போதும். அடுப்பிலிருந்து தள்ளி, சாரல் அடிக்காத பக்கமாகப் பாருங்கள். ஒட்டும் கொக்கியை டைல்ஸ் மேல் மட்டும் நம்பலாம், அதுவும் பூண்டு, எலுமிச்சை போன்ற லேசான பொருளுக்கு. சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவரில் ஒட்டினால் கொக்கி சுவர்ப்பொடியோடு பெயர்ந்து வரும். திரைச்சீலைக் கம்பியில் மட்டும் மாட்டாதீர்கள். துணியைத் தாங்கப் போட்ட திருகாணி அது.

இதே பையைக் குளியலறைக்கும் பின்னலாம். ஆனால் அங்கே பருத்தி காயாமல் பூஞ்சை பிடிக்கும். பாலியெஸ்டர் நூலில், அடிப்பாகத்தையும் வலையாகவே போடுங்கள், தண்ணீர் வடியட்டும்.

உருளைக்கிழங்கை வெங்காயத்தோடு சேர்க்காதீர்கள், சீக்கிரம் முளைவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் தொங்கினால் பச்சை பிடித்துக் கசக்கும். அதற்குத் தனியாக ஒன்று, வலையில்லாமல் நெருக்கமாகப் பின்னி, வெளிச்சம் படாத கதவுக்குப் பின்னால் மாட்டுங்கள்.