ஆன்லைன் கடைக்கு வருகிறார்கள், வாங்காமல் போகிறார்கள். தளத்தில் எதை மாற்றுவது?

கேள்வி: சொந்த வலைத்தளத்தில் பொருள் விற்கிறேன். விளம்பரம் பார்த்து ஆட்கள் வருகிறார்கள், வாங்குவதில்லை. ஒருமுறை வாங்கியவர்களும் திரும்ப வருவதில்லை. தளத்தை எப்படி மேம்படுத்துவது?

எங்களுக்கு நாச்சியார்கோயிலில் பித்தளை விளக்குக் கடை. கடை அப்பா வைத்தது, ஆன்லைன் விற்பனை மட்டும் நான் ஆரம்பித்தது. முதல் இரண்டு வருடம் எங்களுக்கும் இதே கதைதான். எங்கே சறுக்கினோம் என்பதை எழுதுகிறேன், உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கண் திறந்தது மன்னார்குடியில், அத்தை வீட்டில். "அத்தை, நம்ம தளத்துல ஒரு விளக்கு வாங்குங்க பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன நடந்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானம். அத்தையின் போனில் பக்கம் வெள்ளையாகவே நின்றது. எழுந்து போய் அடுப்பில் இருந்த பாலை இறக்கிவைத்துவிட்டு வந்தார். அப்புறம் படம் வந்தது. வந்த கையோடு அதை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி: மின்னஞ்சல் முகவரி கொடுத்தால் தள்ளுபடியாம். அத்தைக்கு மின்னஞ்சலே கிடையாது. பெட்டியை மூட மூலையில் இருந்த பெருக்கல் குறி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒருவழியாக ஒரு குத்துவிளக்கைத் திறந்தார், மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஏன்டா தம்பி, இது எத்தனை கிலோன்னு எங்கடா போட்டிருக்கு?"

எங்கேயும் போடவில்லை. இல்லத்துக்குத் தெய்வீக ஒளி சேர்க்கும் கலைநயம் என்று மூன்று பத்தி எழுதியிருந்தோம், எடை இல்லை. பித்தளை எடைக்கு விற்கிற பொருள். கடைக்கு வருகிறவர் விளக்கைக் கையில் தூக்கிப் பார்த்த பிறகுதான் அடுத்த பேச்சே.

ஊர் திரும்பியதும் கல்லாவில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்தேன். ஒரு மாதத்துக்கு யார் எது கேட்டாலும் அதில் எழுத வேண்டும். எத்தனை அங்குலம், உள்ளே கூடா கெட்டியா, கழற்றித் தேய்க்க வருமா, மேலே இருக்கும் அன்னம் தனியாகக் கிடைக்குமா, இது இந்த ஊரில் வார்த்ததுதானா? இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் விலைக்குக் கீழேயே இவற்றுக்குப் பதில் எழுதினோம். தெய்வீக ஒளியைத் தூக்கிவிட்டோம்.

அந்தக் கடைசிக் கேள்வியில் வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு (இந்த ஊர்ப் பொருள் என்பதற்கான அரசுப் பதிவு) இருக்கிறது, ஊர்ப் பெயரைச் சொன்னாலே விலை. எங்கள் கடையில் உத்தரப் பிரதேசத்து மொராதாபாத் சரக்கும் உண்டு. எது எங்கே செய்தது என்று தளத்தில் எழுதலாம் என்றேன். "வெளியூர்ச் சரக்குன்னு நாமளே சொல்லணுமா?" என்றார் அப்பா. எழுதினோம். விலை குறைவாக வேண்டும் என்பவர்கள் தெரிந்தே அதை வாங்குகிறார்கள். முன்பு மாதத்துக்கு ஒருவராவது போனில் ஏமாற்றிவிட்டீர்கள் என்று கத்துவார், அது நின்றது.

படத்துக்கு வருவோம். வெள்ளைப் பின்னணியில் ஸ்டுடியோவில் எடுத்த படங்களில் பித்தளை தங்கமாக ஜொலித்தது. பார்சலைப் பிரித்தவர்கள் நிறம் மங்கல் என்றார்கள். அதைவிடப் பெரிய தொல்லை அளவு. 12 அங்குலம் என்று எழுதினால் யாரும் ஸ்கேலை எடுத்து அளந்து பார்ப்பதில்லை. சீர்வரிசைக்கு என்று வாங்கிய ஒருவர், "பொம்மை விளக்கா அனுப்பியிருக்கீங்க?" என்று திருப்பி அனுப்பினார். இப்போது காலை வெயிலில் திண்ணையில் வைத்துப் போனிலேயே எடுக்கிறோம். முதல் படம் விளக்கு மட்டும், இரண்டாவது படத்தில் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குடம். குடம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அளவு சட்டென்று புரிந்துவிடும்.

சரி, வேகம். எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் கல் கருடன் கேள்விப்பட்டிருப்பீர்கள். மார்கழியிலும் பங்குனியிலும் சன்னதியிலிருந்து 4 பேர் தூக்கிப் புறப்படுகிற கருடன், வெளியே வர வர 8, 16, 32 என்று தூக்குகிற ஆள் கூடிக்கொண்டே போகும். எங்கள் முகப்புப் பக்கமும் அப்படித்தான் கனத்திருந்தது. மாதம் ஒரு பிளகின் (தளத்தில் கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் துணை நிரல்), தானாக ஓடுகிற ஐந்து படம், அரட்டைப் பெட்டி, பூ விழுகிற தீபாவளி அலங்காரம். ஒவ்வொரு படமும் கேமராவிலிருந்து எடுத்தபடியே, 6 எம்பி. பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ இரண்டரை நொடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் உங்கள் முகவரியைப் போட்டால் எது இழுக்கிறது என்று சொல்லிவிடும். படங்களை வெப்பி (WebP) என்ற, கோப்பு அளவு குறைவான வடிவத்துக்கு மாற்றிச் சுருக்கினோம், பாதி பிளகின்களை எடுத்தோம். எந்தப் பிளகினையும் எடுத்த பிறகு யாரும் அது எங்கே என்று கேட்கவில்லை.

பணம் கட்டும் இடத்தில்தான் நிறையப் பேர் கழன்றுகொண்டார்கள். காரணம் டெலிவரிக் கட்டணம். விலை ஒன்று காட்டி, கடைசிப் பக்கத்தில் இன்னொரு தொகை சேர்ந்தால் யாருக்குத்தான் மனசு வரும்? எங்களுக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. கூரியர்காரர்கள் உண்மையான எடை, பெட்டி அடைக்கும் இடம் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு வாங்குவார்கள். பெட்டி அடைக்கும் இடத்தைக் கிலோவாக்க, பெரும்பாலும் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுக்கும் கணக்கு. 3 அடி விளக்கை நிற்கிறபடியே 95, 35, 35 பெட்டியில் வைத்தால் 23 கிலோ என்று வரும், விளக்கோ 10 கிலோ. குத்துவிளக்கு மரை போட்டுக் கழற்றும்படி செய்வதுதானே? கழற்றி 40, 40, 35 பெட்டியில் அடுக்கினோம், கணக்கு 11 கிலோவுக்கு இறங்கிவிட்டது. இப்போது பொருளின் பக்கத்திலேயே பின்கோடு போட்டால் கட்டணம் தெரியும். கணக்குத் தொடங்கு, கடவுச்சொல் வை என்ற கட்டாயத்தையும் நீக்கிவிட்டோம். போன் எண்ணும் முகவரியும் போதும்.

தளத்துக்குள் தேடல் பெட்டி இருந்தால், எதுவும் கிடைக்காத தேடல்களின் பட்டியலை வாரம் ஒருமுறை பாருங்கள். நாங்கள் டெகரேட்டிவ் லேம்ப் என்று பெயர் வைத்திருந்தோம், ஜனங்கள் காமாட்சி விளக்கு, பாவை விளக்கு, தூண்டாமணி என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

தளம் செய்துகொடுத்த பையன் "இன்னும் 2 மட்டுமே, 10 நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்று ஒரு கடிகாரம் வைத்திருந்தான். பக்கத்தை மறுபடி திறந்தால் மறுபடி 10 நிமிடம். மத்திய அரசு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இந்த மாதிரிப் பொய் அவசரத்தைத் தடை செய்கின்றன. அது இல்லாவிட்டாலும் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. 2020-இன் மின்வணிக விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். குறைதீர்க்கும் அலுவலரின் பெயரும் தொடர்பு எண்ணும் தளத்தில் இருக்க வேண்டும், புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எங்கள் தளத்தில் அந்த அலுவலர் நான்தான். பெயரும் எண்ணும் போட்ட பிறகு, வாங்குவதற்கு முன் பேசிப் பார்க்கிறவர்கள் கூடினார்கள்.

திரும்ப வரவைப்பது பற்றி. குத்துவிளக்கை ஒருவர் வாழ்நாளில் எத்தனை தடவை வாங்குவார்? ஆரம்பத்தில் வாரம் ஒரு சலுகைச் செய்தி அனுப்பி, பாதிப் பேர் எங்கள் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டே காரியம். கட்டுவதற்கு முன் அவர்கள் வாங்கிய விளக்கையே தராசில் வைத்து, எண் தெரிய ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அந்தப் படம் அவர்கள் சொந்தக்காரர் குழுக்களுக்கெல்லாம் போகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அப்புறம், வருடத்துக்கு ஒரே ஒரு செய்தி, ஐப்பசிக் கடைசியில்: கார்த்திகைக்கு முன் புளி போட்டு எப்படித் தேய்ப்பது, திரி எவ்வளவு கனம், மரை தேய்ந்திருந்தால் என்ன செய்வது. கீழே உதிரிப் பாகங்களுக்கு ஒரு இணைப்பு. அன்னம் மட்டும் தனியாக வாங்கியவர்களில் சிலர் தை மாதம் மகள் கல்யாணத்துக்கு ஜோடி விளக்கு கேட்டு வந்தார்கள்.

அத்தை இன்னும் தளத்தில் வாங்கவில்லை. பக்கத்தைத் திறந்து எடையைப் பார்த்துவிட்டு, போனில் கூப்பிட்டு விலையைக் குறைக்கச் சொல்கிறார்.